புதுப்பேடுகள்

கோழிக்காரன் வாசல் படலைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடித்தபோது டானியல் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் மா. அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. அறைக்குள் படுத்திருந்த ஐரிஸுக்கு இன்னும் முகம் கழுவிவிடவில்லை. இந்த நேரத்தில் யாரென்று முணுமுணுத்துக்கொண்டு கையை உதறியபடி முற்றத்துக்கு வந்தார்.

சோழகக் காற்று தொடங்கிவிட்டது. உரும்பிராயின் செம்மண் புழுதி ஒழுங்கை முழுக்க எழும்பிப் பறந்தது. பக்கத்துத் தோட்டத்து வாழை இலைகள் கிழிந்து கிழிந்து அடித்துக்கொண்டன. கோழிக்காரன் துவாயால் மூக்கை மூடிக் கட்டியிருந்தான். பின்னால் கட்டியிருந்த கூடைக்குள் ஏதோ கீச்சிட்டது.

"ஐரிஸ் அக்கா சொல்லி வைச்ச குஞ்சு, ஐயா. ஆறும் பேடு, ஒண்டும் சேவல் இல்லை. மூண்டு மாதம் ஆகுது. ஊசி எல்லாம் போட்டது."

"அவ விழுந்து கால் முறிஞ்சு கிடக்கிறா, தம்பி. இப்ப கோழி பாக்க ஆளில்லை. வேறை ஆருக்கும் குடும்."

"ஐயோ, எப்ப விழுந்தவ?"

டானியல் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இஞ்சாருங்கோ! குஞ்சே வந்திருக்கு?"

அந்தக் குரலைக் கேட்டு அவர் திகைத்து நின்றார். விழுந்த நாளிலிருந்து ஐரிஸ் கதைத்ததெல்லாம் முனகல்தான். தண்ணி, வலிக்குது, கொஞ்சம் திருப்பிவிடுங்கோ. இது பழைய குரல். ஞாயிறு பள்ளியில் படிப்பித்த காலத்தில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் கேட்கக் கதைத்த குரல்.

"ஓம். திருப்பி அனுப்பப் போறன்" என்றார் டானியல்.

"விசரே உங்களுக்கு? கொண்டு வாங்கோ, நான் ஒருக்காப் பாக்க."

அப்படித்தான் அந்த ஆறு குஞ்சுகளும் அந்த வளவுக்குள் வந்தன. கோழிக்காரன் போகும்போது, "உடனை மற்றதுகளோடை விட்டிடாதேங்கோ ஐயா. கொஞ்ச நாள் புறம்பாய் வையுங்கோ. நோய், வருத்தம் ஏதும் இருந்தால் அதுக்குள்ளை தெரியும். பழசுகளும் கண்டு பழகும். எடுத்த உடனை விட்டால் கொத்திச் சாகடிச்சுப்போடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். டானியல் குசினிக்குத் திரும்பியபோது பானையில் தண்ணீர் வற்றியிருந்தது. மா கல்லாய் இறுகிப் போயிருந்தது.

டானியலுக்கு எழுபது கடந்துவிட்டது. யாழ்ப்பாணம் பருத்தித்துறை வழியில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வேலைசெய்த காலம் முழுவதும் வீடு அவருக்குப் படுத்தெழும்பும் இடம். சமைப்பதும் தோய்ப்பதும் பிள்ளையை வளர்ப்பதும் ஐரிஸின் பாடு. வீட்டின் பின்னால் கோடிப்புறத்தில் கோழிகள் நின்றன என்பது தெரியும், அவ்வளவுதான். எத்தனை கோழி, எது முட்டையிடும், எது அடைகிடக்கும் என்று கேட்டால் முழுசுவார். ஒழுங்கையில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், யாருக்கும் சுகமில்லை என்றாலும், ஐரிஸின் முட்டை போகும். அதுவும் அவருக்குத் தெரியாது. அவள் விழுந்த பிறகு பார்க்க வந்த பெண்கள் சொல்லித்தான் அறிந்தார்.

கோழிக்கூட்டைக் கூட்டப் போன இடத்தில்தான் ஐரிஸ் சறுக்கி விழுந்தாள். தொடையெலும்பு மேல்பக்கத்தில் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பினார்கள். இனி மெல்ல மெல்ல எழுப்பி நிற்பாட்டவேண்டும், வோக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கவேண்டும் என்றார்கள். மகள் ஜெயந்தினி வவுனியாவில் படிப்பிக்கிறாள். லீவு போட்டு வந்து நின்று, லீவு முடிந்ததும் போய்விட்டாள். அதற்குப் பிறகு தூக்குவது, இருத்துவது, மூத்திரச் சட்டி வைப்பது, துடைப்பது, உடுப்புத் தோய்ப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் டானியல்தான். ஸ்டியரிங் பிடித்த கைக்கு இந்த வேலைகள் ஒன்றும் லேசில் பிடிபடவில்லை. பழகப் பழக வேலை வந்தது. ஆனால் உடம்பு இறங்கிக்கொண்டே போனது.

ஜெயந்தினி ஒவ்வொரு பின்னேரமும் ஃபோன் எடுப்பாள். டானியல் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைப்பார்.

"அப்பா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இரண்டு பேரும் இஞ்சை வாங்கோ. எனக்கு அங்கையும் இஞ்சையும் ஓடித்திரிய ஏலாது. உங்களை நினைச்சால் நித்திரையும் வருகுதில்லை."

"எனக்கு என்ரை வீடே போதும்" என்பாள் ஐரிஸ். "நான் வந்து உன்ரை வீட்டு மூலையிலை கிடந்து என்ன செய்யிறது? இஞ்சையெண்டால் என்ரை கோழி கிடக்கு, கோயில் கிடக்கு. கொப்பர் வடிவாய்ப் பாக்கிறார் தானே" என்று டானியலைப் பார்ப்பாள்.

"கொப்பர் பாக்கிறார், கொப்பர் பாக்கிறார் எண்டால்? அப்பா, நீங்கள் சொல்லுங்கோவன்."

குஞ்சுகள் வந்த அன்று பின்னேரமும் இதே கதை. டானியல் வாயைத் திறந்தார். வவுனியாவில் மகளின் வீட்டு விறாந்தையில் ஒரு கதிரை. யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து கையில் தருகிறார்கள். காலை நீட்டிப் பேப்பர் வாசிக்கிறார். இந்தப் படம் அவர் மனதில் அடிக்கடி வந்து போகும். ஆனால் கட்டிலில் ஐரிஸ் கண்ணை அகல விரித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்தவர்போல அவர் எழும்பிக் குசினிக்குப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அறைக்குள் ஐரிஸ் சொல்வது கேட்டது. "பயப்பிடாதை. கொப்பர் இப்ப கோழியும் வளர்க்கிறார், தெரியுமே? நீ வந்து பார். வந்து பாத்துப்போட்டு, ஏலாது எண்டு கண்டால் பேந்து கூட்டிக்கொண்டு போ."

"சரி. மாதமுடிவிலை வாறன். வந்து பாக்கிறன்" என்றாள் ஜெயந்தினி.

குஞ்சுகளுக்குப் புறம்பாக ஓர் அடைப்புத் தேவைப்பட்டது. பழைய கட்டில் சட்டம் ஒன்று கொட்டிலுக்குள் கிடந்தது. பாகற்கொடி படரவிட்ட கம்பிவலையும் இருந்தது. கோழிக்கூட்டோடு ஒட்டினாற்போல அதை நிறுத்தி வலையைச் சுற்றினால், புதுசும் பழசும் ஒன்றையொன்று பார்க்கலாம், தொடமுடியாது. திட்டம் ஐரிஸுடையது. கட்டிலில் கிடந்தபடி கையால் காற்றில் வரைந்து காட்டினாள். செய்தது டானியல். முழங்காலில் குந்தமுடியாமல் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு வலையைக் கட்டினார். கம்பி முனை கையைக் கீறியது.

வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுத் தர்சினி வெங்காயத் தோட்டத்துக்குப் போக வெளிக்கிட்டு நின்றாள். புருஷன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். அவள் கூலிக்கு வெங்காயம் பிடுங்கவும் தாள் வெட்டவும் போகிறவள்.

"மாமா, உப்பிடிக் கட்டினால் மரநாய் வந்து கீழாலை பூந்திடும். அடியிலை கல்லு வையுங்கோ."

"கல்லைத் தூக்க இனி ஆரிட்டைப் பலம் கிடக்கு, பிள்ளை?"

அவள் கத்தியை வேலியில் சொருகிவிட்டுப் வேலிப்பொட்டின் இடைவெளியால் புகுந்து வந்தாள். கிணற்றடியில் கிடந்த உடைந்த சீமெந்துக் கற்களை உருட்டி வந்து வலையைச் சுற்றி வைத்தாள். "பின்னேரத்திலை ஒரு குரல் குடுங்கோ மாமா. நான் வேலையாலை வந்தால் சும்மாதான் நிப்பன்" என்றாள். களைத்துச் சிவந்த அந்தக் கண் சும்மா நிற்பவளின் கண்ணா என்று டானியல் நினைத்தார். கூப்பிடவில்லை.

பழைய கோழிகளில் பெரியவள் கறுப்பி. கொண்டை ஒருபக்கம் சாய்ந்து, கால் செதில் தடித்துப்போன கிழட்டுப் பேடு. முட்டையிடுவதை எப்போதோ விட்டுவிட்டது. ஆனால் தீன் போட்டால் அதுதான் முதலில். கிட்ட வருவது எதுவென்றாலும் தலையில் ஒரு கொத்து விழும். சேவல்கூட அதற்கு வழிவிட்டு நின்றது. புதுக்குஞ்சுகளை அடைப்புக்குள் கண்ட நேரத்திலிருந்து அது வலையைவிட்டு விலகவில்லை. கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தது. குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

இப்போது டானியலுக்கு எல்லாமே இரண்டு தரம். இரண்டு தண்ணீர்ச் சட்டி, இரண்டு தீன். கூட்டை ஒருக்கால் கூட்டி, அடைப்பை ஒருக்கால் கூட்டவேண்டும். தண்ணீர் மோட்டர் பழுதாகிக் கிடந்தபடியால் கிணற்றில் கையால் அள்ளவேண்டும். உள்ளே ஐரிஸ் கூப்பிடுவாள், வெளியே கோழி கத்தும். ஐரிஸுக்கு யன்னலால் எலுமிச்சை மரமும் கொஞ்சம் வானமும் மட்டும் தெரியும். கோழிக்கூடு தெரியாது. ஆனால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

"உது புள்ளிச்சி. முட்டை போட்டிட்டாள். போய் எடுங்கோ, காகம் கொத்திப்போடும்."

"சேவல் எச்சரிக்கிறான். பிராந்து சுத்துதுபோலை கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ."

போய்ப் பார்த்தால் உண்மைதான். மேலே பருந்து வட்டமடித்துக்கொண்டிருக்கும். டானியலுக்கு வியப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். படுத்த இடத்திலிருந்து இவ்வளவும் கேட்கும் மனிசிக்கு, குனிந்து நிமிரும் என்ரை முழங்கால் மளுக்கென்கிற சத்தம் கேட்கவில்லையா என்று நினைப்பார்.

ஒருநாள் காலை அவருக்குப் பொறுமை போய்விட்டது. முதல்நாள் இரவு ஐரிஸுக்குக் கால் குத்து. அடிக்கடி எழும்பித் தடவிவிட்டதில் கண் எரிந்தது. அடைப்புக்குள் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. இன்னொருக்கால் கிணற்றடிக்குப் போகவேண்டும். கறுப்பியோ வலைக்கு அப்பால் சாதுவாய் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. எல்லாம் பழகியிருக்கும், ஒன்றாய் விட்டால் ஒரு சட்டித் தண்ணீரோடு காரியம் முடியும் என்று வலையை அவிழ்த்துவிட்டுக் குசினிக்கு வந்தார்.

தேத்தண்ணிக்குச் சீனி போடுவதற்குள் சத்தம் கிளம்பியது.

"இஞ்சாருங்கோ! குஞ்சு கத்துது! கறுப்பி பிடிச்சிட்டாள்!"

அவர் ஓடிப் போனபோது கறுப்பி ஒரு குஞ்சின் முதுகில் ஏறி நின்றது. குஞ்சின் தலைத்தோல் உரிந்து இரத்தம் வழிந்தது. இரத்தத்தைக் கண்டு மற்றக் கோழிகளும் சேர்ந்து கொத்தின. டானியல் விளக்குமாற்றை வீசினார். கறுப்பி நகரவில்லை. காலால் எத்தித்தான் விலக்கவேண்டியிருந்தது. மற்றக் குஞ்சுகள் வேலியடிக்கும் வாழைக்குள்ளும் சிதறிவிட்டன. ஒவ்வொன்றையும் குனிந்து தேடிப் பிடித்து அடைப்புக்குள் போடும்போது இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. காயப்பட்டதை உடுத்திருந்த சாரத்தால் பொத்திக்கொண்டு அறை வாசலுக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"ஏன் திறந்து விட்டனீங்கள்? நான் சொன்னனான் தானே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் எண்டு."

"நீர் சொல்லுவீர்! படுத்துக்கிடந்து சொல்லுறது லேசு. எனக்கு இருக்க நேரமில்லை, படுக்க நேரமில்லை. உமக்குச் செய்யிறதோ, உம்மடை கோழியளுக்குச் செய்யிறதோ? நாளைக்கு எல்லாத்தையும் பிடிச்சு ஆருக்கும் குடுத்துத் துலைக்கிறன். துலைஞ்சுது சனியன்!"

நாற்பது வருஷத்துக்கு மேலான வாழ்க்கையில் அவர் இப்படிக் குரலுயர்த்தியது குறைவு. ஐரிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அந்தக் குஞ்சை இஞ்சை தாங்கோ. என்னை நிமித்தி இருத்திவிடுங்கோ. இளஞ்சூட்டிலை உப்புத்தண்ணியும் மஞ்சளும் எண்ணெயும் கொண்டு வாங்கோ."

தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து அவளை இருத்தினார். மடியில் பழைய சேலைத்துண்டை விரித்துக் குஞ்சை வைத்தாள். ஒரு கையால் சிறகை அமத்திக்கொண்டு மறுகையால் காயத்தைத் துடைத்தாள். விழுந்த பிறகு கரண்டி பிடிக்கவே நடுங்கிய கை இப்போது நடுங்கவில்லை. எண்ணெயில் குழைத்த மஞ்சளை ஒற்றி ஒற்றிப் பூசினாள். குஞ்சு கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தது.

"என்னோடை கோவமே?" என்று கேட்டார் டானியல்.

"இல்லை. நீங்கள் சொன்னது சரிதான்." அவள் தலையை நிமிர்த்தவில்லை. "ஆனால் ஒண்டு சொல்லுறன். காலமை கோழி சத்தம் போடேக்கைதான் எனக்கு எழும்பி நடக்கோணும் எண்டு கிடக்குது. மற்றும்படி எழும்பி என்னத்துக்கு?"

டானியல் ஆறிப்போன தேத்தண்ணியை இரண்டாய்ப் பகிர்ந்து அவளுக்கு ஒன்றைக் கொடுத்தார்.

அன்றைக்கு அவள் வேறொரு வழி சொன்னாள். குஞ்சுகளைப் பிரிப்பதை விட்டுவிட்டுக் கறுப்பியைப் பிரிக்கவேண்டும். அடைப்புக்குள் இப்போது அதைத் தனியே போடவேண்டும். பொழுதுபட்டுப் பழைய கோழிகள் கூட்டுக்குள் அடங்கிக் கண் தெரியாமல் இருக்கும்போது குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் நடுவில் வைக்கவேண்டும். "விடிய எழும்பிப் பாக்கேக்கை எல்லாம் ஒண்டாய் நிக்கும். ஆர் புதுசு ஆர் பழசெண்டு அதுகளுக்கும் கொஞ்சம் குழம்பும். ஆனால் நீங்கள் வானம் வெளிக்க முந்திப் போய்க் கூட்டைத் திறந்துபோடோணும். உள்ளுக்கை அடைபட்டு நிண்டால் கொத்துப்படும்."

கறுப்பியைப் பிடிப்பது பெரும்பாடாய்ப் போய்விட்டது. தர்சினியைக் கூப்பிடவேண்டி வந்தது. அவள் சாக்கை விரித்து ஒரே பாய்ச்சலில் அமத்தினாள். மம்மல் இருட்டில் டானியல் குஞ்சுகளைக் கொண்டுபோனார். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் குஞ்சு அடங்கிக் கிடந்தது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. கூட்டுக்குள் கையை விட்டு, தடவித் தடவி, புள்ளிச்சிக்கும் சேவலுக்கும் நடுவில் அவை அடையும் தடியில் வைத்தார். புள்ளிச்சி க்ர் என்றது, நகர்ந்து இடம் கொடுத்தது. கடைசிக் குஞ்சையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியபோது அவருக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. பெரிய பஸ்ஸைச் சின்ன ஒழுங்கைக்குள் பின்னாலே எடுத்து நிறுத்தியதுபோல ஒரு சிரிப்பு.

அதற்குப் பிறகு விடியப்புறம் எழும்புவது அவருக்கு விதியாகிவிட்டது. தீனை ஒரே இடத்தில் போடாமல் எட்ட எட்ட மூன்று இடத்தில் போட்டார். குஞ்சுகள் ஓடி ஒளிப்பதற்குத் தகரத்துண்டுகளை மதிலில் சாய்த்து வைத்தார். கொத்து விழத்தான் செய்தது. ஆனால் இரத்தம் வரவில்லை. ஐரிஸின் கட்டிலடியில் பெட்டிக்குள் கிடந்த காயக்குஞ்சும் தலை மொட்டையாக எழும்பி நடந்தது. கறுப்பியைத் திரும்ப விட்டபோது அது பழைய வீராப்பில் தீனுக்கு வந்தது. புள்ளிச்சி அதன் தலையில் ஒரு கொத்துக் கொடுத்தது. கறுப்பி நின்று பார்த்துவிட்டு ஓரமாய்ப் போனது. அன்றைக்கு அதை டானியல் ஐரிஸுக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். அவள் சிரித்துவிட்டுப் பிறகு, "பாவம் கறுப்பி" என்றாள்.

ஜெயந்தினி வருவதற்கு முதல்நாள் வெயில் கொளுத்தியது. காற்று அனலாய் அடித்தது. வீடு கழுவத் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற டானியலுக்குக் கிணறு சரிவதுபோல் இருந்தது. கயிறு கையை விட்டு ஓடியது. வாளி கிணற்றுச் சுவரில் இடித்து இடித்து விழுந்தது. அவர் தோய்க்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. தலைமொட்டைக் குஞ்சு வந்து அவர் காற்பெருவிரலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

"என்ன சத்தம்? இஞ்சாருங்கோ!"

பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. "ஒண்டுமில்லை. வாளி வழுக்கிட்டுது."

"விழுந்தனீங்களே?"

"இல்லையெண்டுறன். நீர் பேசாமல் படுத்திரும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள் ஜெயந்தினி. முகம் வாடிப்போயிருந்தது. ஒரு கையில் பம்பர்ஸ் பொதி, மறுகையில் தோடம்பழப் பை. படலையைத் திறந்தவள் கூட்டிய முற்றத்தைப் பார்த்தாள். கொடியில் காயும் உடுப்பைப் பார்த்தாள். அறைக்குள் தாய் தலைமயிர் இழுத்து முடிந்து, வோக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் இருந்தாள். குசினியில் இடியப்பமும் சொதியும் மூடிக் கிடந்தன. இடியப்பம் தர்சினி அவித்தது. அதை ஒருவரும் சொல்லவில்லை.

"போ, கோழியளைப் போய்ப் பார்" என்று ஐரிஸ் துரத்தினாள். கோடிப்புறத்தில் புதுசும் பழசும் ஒன்றாய் நின்று மண்ணைக் கிளறின. கறுப்பிக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சு சிறகைப் பரப்பிப் புழுதி குளித்துக்கொண்டிருந்தது.

ஜெயந்தினி அங்கேயே நின்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, நான் வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்தனான். இரண்டு பேரும் என்ன கோலத்திலை கிடக்கிறியளோ எண்டு. இப்பதான் நெஞ்சுக்குள்ளை தண்ணி வந்தது. நீங்கள் இப்பிடிப் பாப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை."

"அதுக்கென்ன, பிள்ளை."

"உங்களிட்டைச் சொல்லேல்லை. போன கிழமை மாமி, அவரின்ரை அம்மா, எங்களோடை இருக்க வந்திட்டா. தனிய இருக்க ஏலாதாம். இருந்த ஒரு அறையையும் அவவுக்குக் குடுத்தாச்சு. உங்கள் இரண்டு பேரையும் எங்கை படுக்க வைக்கிறதெண்டு நானும் அவரும் மண்டையைப் போட்டு உடைச்சனாங்கள். இனிப் பறவாயில்லை. நீங்கள் சமாளிக்கிறியள் தானே?"

அந்தக் கதிரையும் தேத்தண்ணியும் பேப்பரும் டானியலின் மனதிலிருந்து ஒவ்வொன்றாய்ப் போயின. கோழிகளைப் பார்த்தார். தானே ஒவ்வொன்றாய்த் தூக்கி வைத்துப் பழக்கிய கோழிகள்.

"ஓம் பிள்ளை. நாங்கள் இருப்பம். நீ யோசியாதை" என்றார். "இரு, கொண்டுபோக முட்டை கிடக்கோ எண்டு பாக்கிறன்."

கூட்டுக்குள் நான்கைந்து முட்டைகள் இருந்தன. சாரத்தின் மடியில் போட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்தபோது அறைக்குள் ஐரிஸின் குரல் கேட்டது. மெல்லத்தான் கதைத்தாள். ஆனால் தெளிவாகக் கேட்டது.

"ஜெயந்தி, கொப்பருக்கு ஏலாது."

"என்னம்மா சொல்லுறியள்? இப்பதான் அவர்…"

"அவர் சொல்லார். சாகிற அண்டைக்கும் சொல்லார். நான் இதுக்குள்ளை கிடந்து என்ன செய்யிறன் எண்டு நினைக்கிறாய்? கேட்டுக்கொண்டு கிடக்கிறன். கோழிச் சத்தம் மட்டுமே எனக்குக் கேக்குது? முந்தி வாளியோடை கிணத்தடியாலை வாறவர் ஒருக்காத்தான் நிப்பார். இப்ப மூண்டு தரம் வாளியை நிலத்திலை வைக்கிறார். நேற்று வாளி விழுந்தது. இவர் வாய் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமே? நான் செத்திட்டன் பிள்ளை. எழும்பி ஓட எனக்குக் காலில்லை. கர்த்தரே எண்டு கத்தக்கூடக் குரல் வரேல்லை."

ஜெயந்தினி கட்டிலோரம் வந்து இருந்தாள்.

"நான்தான் பிடிவாதம் பிடிச்சனான். என்ரை வீடு, என்ரை கோழி எண்டு. என்னைத் தூக்கித் தூக்கி அந்தாளின்ரை நாரி போச்சுது. நாங்கள் இருப்பம் எண்டு உனக்குச் சொல்லேக்கை அவரின்ரை குரலைக் கவனிச்சனியே? நான் கவனிச்சனான்."

டானியல் உள்ளே போனார். "ஆர் சொன்னது எனக்கு ஏலாதெண்டு? உவ சும்மா…"

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றாள் ஐரிஸ்.

அவர் சும்மா நின்றார். மகள் அவரையே பார்த்தாள். பொய் சொல்ல அவருக்கு இன்னும் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது. அது இருக்கவில்லை.

"ஓம், பிள்ளை" என்றார். "எனக்குக் கொஞ்சம் ஏலாமல்தான் கிடக்கு."

சொல்லிவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார். ஜெயந்தினி எழும்பி வந்து அவர் முன்னால் குந்தி, மடியிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்து அப்பால் வைத்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கயிறு ஓடிய தடம் சிவந்து கிடந்தது. தோல் உரிந்திருந்தது.

அவள் முற்றத்தில் நின்று புருஷனோடு நெடுநேரம் ஃபோனில் கதைத்தாள். குரல் உயர்ந்தது, தணிந்தது. திரும்பி வந்தபோது களைத்திருந்தாள். ஆனால் பயம் போயிருந்தது.

"ஒரு கிழமை நான் இஞ்சை நிக்கிறன். அங்கை அவர் பிள்ளையளைப் பாப்பார். பிறகு எல்லாரும் ஒண்டாய்ப் போவம். அம்மா நடக்கிற மட்டும். மாமியின்ரை அறையிலை இன்னொரு கட்டில் போடலாமாம். அப்பாவுக்கு விறாந்தையை மறைச்சுத் தரலாம். வசதி கிடையாது அப்பா. நெருக்கமாய்த்தான் இருக்கும்."

"கொத்துப்படாமல் இருந்தால் சரி" என்றார் டானியல்.

ஐரிஸ் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. "நான்தானே புதுசாய்ப் போறனான். கொத்து எனக்குத்தான். ஒரு மூலையிலை சத்தம் போடாமல் இருந்திட்டால் பேந்து பழகிவிடும்." பிறகு அவளே, "கோழியளைத் தர்சினி பாப்பாள்" என்றாள். "அவளின்ரை கூட்டுக்கு மாத்தவேண்டாம். இஞ்சையே நிக்கட்டும். முட்டையை அவள் எடுக்கட்டும். நான் அவளுக்குச் சொல்லிப் பழக்கிவிடுறன்." சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பினாள். தான் வீட்டை விட்டுப் போக ஒப்புக்கொண்டது அப்போதுதான் அவளுக்கே விளங்கியதுபோல் இருந்தது. டானியல் எழும்பிப் போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் இருந்தார். பின்னேரம் வரை அப்படியே இருந்திருப்பார், மகள் சாப்பிடக் கூப்பிட்டிராவிட்டால்.

அடுத்தநாள் அவர் கண் விழித்தபோது சுவரில் வெயில் ஏறி நின்றது. துடித்துப் பதைத்து எழும்பி இருந்தார். கூடு திறக்கவில்லை, கொத்துப்பட்டுச் செத்திருக்கும் என்று கால் செருப்பைத் தேடியது.

வெளியே மண்ணைக் கிளறும் சத்தம். சேவல் ஒருதரம் கூவியது. "ஏய் கறுப்பி, அங்காலை போ! மற்றதுகளும் தின்னோணும்" என்று ஜெயந்தினி தன் பிள்ளைக்கு ஏசுவதுபோல் ஏசிக்கொண்டிருந்தாள். பிறகு கிணற்றடியில் வாளி இறங்கியது. குசினியிலிருந்து பால் காயும் மணம் வந்தது.

"படுங்கோ" என்றாள் ஐரிஸ், பக்கத்துக் கட்டிலிலிருந்து. "அவள் எல்லாம் திறந்துவிட்டிட்டாள்."

"ஓம்" என்றார் டானியல். காலை மேலே எடுத்து வைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.